பாயின் மாத்திரையும் எங்கள் கமிட்டியும்

நான் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. எங்கள் டீனுக்கு என் மேல் இருந்த முதல் மனத்தாங்கல் அதுதான்.

தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு போக மீதி நேரத்தில் மாத்திரைகளைக் கரைத்துப் பிரித்துப் பார்க்கிறேன். ஒரு தலைமுடி நுழையும் அளவுக்குத் துளை உள்ள குழாய். மாத்திரையைக் கரைத்த திரவத்தில் ஒரு சொட்டை எடுத்து, அந்தச் சொட்டிலும் துளியூண்டை மட்டும் அதற்குள் அனுப்ப வேண்டும். மருந்து தனியாக, மருந்தோடு கலந்திருக்கும் கசடு தனியாக, ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு மறுமுனைக்கு வந்து சேரும். வரும்போது கணினித் திரையில் ஓடும் கோடு மேலே ஏறி இறங்கும். அந்த ஏற்றத்துக்கு நாங்கள் பீக் என்று பெயர் வைத்திருக்கிறோம். மருந்துக்கு ஒரு பீக் வந்தால் நிம்மதி. கூடவே இன்னொன்று வந்தால், மாத்திரைக்குள் வேண்டாத ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய இயந்திரங்கள் இதே வேலைக்கு ரசாயனத்தை மடமடவென்று குடித்து சிங்க்கில் துப்பும். அது கடைசியில் போய்ச் சேருவது எங்கள் பக்கத்து ஏரியில். நான் குடியிருப்பது செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் என்பதால் எனக்கு அதில் சொந்த அக்கறை உண்டு. சிறிய குழாயில் செய்தால் ஒரு நாள் வேலைக்கு ஒரு டம்ளர் கூடச் செலவாகாது. இதை நான் டீனிடம் பெருமையாக விளக்கியபோது அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

"எல்லாம் சரி மேடம். ஆனா கமிட்டிக்குக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்லையே."

கமிட்டி என்றால் கல்லூரிக்குத் தரம் போட வெளியூரிலிருந்து வரும் கமிட்டி. அது வரும் வருஷத்தில் எங்கள் கல்லூரி கல்யாண வீடாகிவிடும். அந்த வருஷமும் சுவருக்குச் சுண்ணாம்பு ஏறியது. மேடவாக்கம் பக்கத்து நர்சரியிலிருந்து பூந்தொட்டிகள் மினி லாரியில் வாடகைக்கு வந்தன. ஹாஸ்டல் பெண்கள் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் பக்கெட்டும் கையுமாக நிற்க, டேங்கர் தண்ணீரை வராந்தா கழுவக் கொட்டினார்கள். என் கண்ணுக்குத் தெரியாத குழாய்க்கும் டீன் ஒரு வழி கண்டுபிடித்தார். பிளம்பரை வரவழைத்து, ஒரு பெரிய பி.வி.சி. பைப்புக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, ஆய்வகத்து வாசலில் தலைக்கு மேல் மாட்டச் சொன்னார். கீழே 'நுண்குழாய்' என்று ஃப்ளெக்ஸ் போர்டு. கழிவறை லைன் வழி தவறி எங்கள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது. அதன் அடியில் நுழைந்து போகும்போதெல்லாம் எனக்கு வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை வரும்.

அடுத்து ஆபீசிலிருந்து ஓர் உத்தரவு. போன தடவை வந்த கமிட்டியில் ஒருவர் டம்ளருக்குள் கரப்பான்பூச்சியைப் பார்த்துவிட்டாராம். ஆகவே எல்லா வாஷ்பேசினிலும், எல்லா அலமாரியிலும் பாச்சை உருண்டை போட வேண்டும். போட்டார்கள் பாருங்கள், தாராளமாக. நூலகத்தில், கழிவறையில், பிரின்சிபால் மேஜை டிராயரில், எங்கும் வெள்ளை வெள்ளையாய் உருண்டன. மிச்சமிருந்த பாக்கெட்டுகளை எங்கே போடுவது என்று தெரியாமல் என் ரசாயன அலமாரியிலும் கவிழ்த்திருந்தார்கள். ரசாயன அலமாரியில் ரசாயனத்தைத் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது என்று கத்தி, எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன். மேடத்துக்குக் கோபம் ஜாஸ்தி என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான். எனக்கு ரத்த அழுத்தமும் ஜாஸ்தி, அதற்கு தினமும் மாத்திரை போடுகிறேன்.

அந்த மாத்திரை வழியாகத்தான் பாய் எனக்கு அறிமுகமானார். வண்டலூருக்கு அப்பால் ஒரு ஷெட்டில் சிறிய அளவில் மாத்திரை தயாரிப்பவர். நான் போடும் அதே மருந்தை அவரும் தயாரிக்கிறார். பெரிய கம்பெனிகளிடம் ஆராய்ச்சிக்கு மாத்திரை கேட்டால் மெயில் மேல் மெயில் போட வைத்து, கடைசியில் முடியாது என்பார்கள். பாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு டப்பா நிறைய அட்டைகளைத் தந்து, "நல்லா டெஸ்ட் பண்ணுங்க டீச்சர். ஏதாவது தப்பு இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்" என்றார். ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு மாத்திரை சப்ளை செய்வதுதான் அவருடைய பெரிய ஆர்டர். ஷெட் ஓடியது அதை நம்பித்தான்.

அவருடைய மாத்திரையை நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரே பீக், சுத்தமாக. மாத்திரை போடாமல் வெறும் திரவத்தை மட்டும் அனுப்பிப் பார்ப்பதை பிளாங்க் என்போம். அதுவும் சுத்தமாக இருந்தது. அந்தச் சமயத்தில் பரீட்சைத் தாள் திருத்தும் முகாமுக்கு வரச் சொல்லி ஆர்டர் வந்தது. போகாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பார்கள். மீதி ஓட்டங்களை ஒருங்கிணைப்பாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். ஒருங்கிணைப்பாளர் என்பது எங்கள் துறையில் ஒருவருக்கு டீன் கொடுத்திருந்த பட்டம். டீன் தும்மினால் இவர் கைக்குட்டை நீட்டுவார்.

முகாம் முடிந்து நான் திரும்பியபோது துறையில் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கங்கிராட்ஸ் மேடம்! உங்க மெத்தட்ல நம்ம டீம் ஒரு புது இம்ப்யூரிட்டி கண்டுபிடிச்சிருக்கு" என்றார் ஒருங்கிணைப்பாளர்.

பாயின் மாத்திரையில், மருந்துக்கான பீக்குக்கு வெகு நேரம் கழித்து, இன்னொரு பீக். சின்னது இல்லை, மலை மாதிரி நின்றது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இடத்தில்.

"பிளாங்க் போட்டீங்களா?"

"இதோ மேடம்" என்று ஒரு படத்தைக் காட்டினார். சுத்தமான பிளாங்க். முகாமுக்குப் போவதற்கு முன் நான் போட்டது. அதையே எடுத்து எல்லா ஓட்டத்துக்கும் ஒட்டியிருந்தார். எங்கள் துறையில் இது பழக்கம். ஒரு தடவை நல்ல பிளாங்க் கிடைத்துவிட்டால் பத்திரப்படுத்தி வைத்து, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டே போவார்கள்.

"இது நான் போட்டதுங்க. இப்ப புதுசா ஒண்ணு போடணும். சாவி குடுங்க."

சாவி இல்லை என்றார். மெஷினைப் பாலிஷ் செய்து, சிவப்பு ரிப்பன் கட்டி, அறையைப் பூட்டிவிட்டார்களாம். கமிட்டித் தலைவர் கையால் திறந்துவைக்கப் போகிறார்களாம். வாங்கி ஆறேழு வருஷம் ஆன மெஷின் அது. ஏற்கெனவே வேறொரு பெரிய மனிதர் திறந்துவைத்து, அந்தக் கல்வெட்டு கூட அதே சுவரில்தான் இருந்தது. அதன் மேல் ஒரு காலண்டரைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

டீனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் காதில் விழுந்தால்தானே. கமிட்டி முன்னால் காட்டப்போகும் ஸ்லைடில் பாயின் மாத்திரை அட்டை படம், பக்கத்தில் அந்த மலை, மேலே கொட்டை எழுத்தில் 'மக்கள் உயிர் காக்கும் ஆய்வு'. இதோடு நிற்கவில்லை. அந்த தர்ம ஆஸ்பத்திரியின் ஆலோசனைக் குழுவில் டீனும் ஓர் ஆள். போனைப் போட்டுச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி ஆர்டரை நிறுத்தி வைத்துவிட்டது. ஒரு பிளாங்க் கூடப் போடாமல் ஒரு மனிதனின் பிழைப்பில் கை வைத்துவிட்டு, என்னிடம், "சமூகப் பொறுப்பு மேடம்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் பாய் கல்லூரிக்கு வந்தார். டீன் அவரைப் பார்க்கவில்லை. வராந்தாவில் வாடகைப் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிற்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"டீச்சர், தப்பு இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. ஷெட்டை மூடிடறேன். ஜனங்க வாயில போடற பொருள். ஆனா நிச்சயமா தெரியுமா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது பாய். நான் இன்னும் பாக்கவே இல்ல. பாத்துட்டு நானே வந்து சொல்றேன்."

அவர் தயங்கினார். "எங்க அம்மாவும் இந்த மாத்திரைதான் போடறாங்க. போன் வந்தன்னிக்கே வீட்ல இருந்த அட்டையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். கடையில வேற வாங்கிக் குடுத்தா தொட மாட்டேங்கறாங்க. என் புள்ள செஞ்சது தப்புன்னா எனக்கு மாத்திரையே வேணாங்கறாங்க. பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. டாக்டர் வந்து திட்டிட்டுப் போயிட்டார்."

எங்கள் ஸ்லைடுக்காக ஒரு வயதான அம்மா மருந்தில்லாமல் இருக்கிறார். இதைச் சொன்னபோதும் டீன் அசையவில்லை. கமிட்டி போகட்டும் என்றார். சாவியை ஒருங்கிணைப்பாளர் இடுப்பில் சொருகிக்கொண்டு திரிந்தார்.

கமிட்டி வரும் நாளன்று பெண் ஆசிரியர்கள் எல்லோரும் பட்டுப் புடவை கட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை. அறிவைப் பட்டுப் புடவையில் அளக்கிற கூட்டம். திட்டிக்கொண்டே விடியற்காலையில் பீரோவைத் திறந்தேன். கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும் எடுக்கும் புடவையை உருவினேன். மடிப்பிலிருந்து இரண்டு பாச்சை உருண்டைகள் உருண்டு என் காலடியில் விழுந்தன. கூடவே அந்த வாசனை.

கல்லூரி முழுக்க அதே வாசனையில்தான் எல்லோரும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தோம். அதனாலேயே அது யார் மூக்கிலும் ஏறவில்லை. இந்த உருண்டை திடப்பொருள்தான், ஆனால் சும்மா வைத்தாலே காற்றில் கரைந்து போகும். பிளாஸ்டிக்கையும் ஊடுருவும். நாங்கள் மாத்திரை கரைக்கும் திரவம் இருப்பது பிளாஸ்டிக் கேனில். கேன் இருப்பது அந்த அலமாரியில். நான் முகாமுக்குப் போன பிறகு அலமாரியில் மறுபடி உருண்டை போட்டிருப்பார்கள். என் குழாயில் அது வெகு நேரம் ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வரும். வந்தால் மலை மாதிரிதான் வரும். புடவையைப் பாதி கட்டியும் கட்டாமலும் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். அடுத்த நிமிஷமே அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

ஸ்கூட்டரில் பறந்தேன். பூ அலங்காரத்துக்காக ஆய்வகத்தைத் திறந்திருந்தார்கள். அலமாரியைத் திறந்தால், கேனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாச்சை உருண்டைகள். சிவப்பு ரிப்பனைக் கத்தரித்தேன். கேனிலிருந்த வெறும் திரவத்தை ஓட்டினேன், மலை வந்தது. சீல் உடைக்காத கண்ணாடி பாட்டிலைத் திறந்து புதுத் திரவத்தை ஓட்டினேன், ஒன்றும் இல்லை. அதில் பாயின் மாத்திரையைக் கரைத்து ஓட்டினேன். ஒரே ஒரு பீக், மருந்துக்கு மட்டும். ரிப்பனை முடிச்சுப் போட்டு மறுபடி கட்டிவிட்டு, மாலையும் கையுமாகக் கேட்டில் நின்றிருந்த டீனிடம் ஓடினேன்.

"சார், அது இம்ப்யூரிட்டி இல்ல. பாச்சை உருண்டை."

"மேடம், ப்ளீஸ். கமிட்டி கார் படப்பை தாண்டிடுச்சு."

"அந்த ஸ்லைடை எடுத்துடுங்க சார்."

"எல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோங்க."

ஸ்லைடு ஓடியது. கைதட்டினார்கள். பிறகு கமிட்டி ஆய்வகத்துக்கு வந்தது. தலைவர் வாசலில் நின்று தலைக்கு மேலிருந்த வெள்ளி பைப்பை வெகுநேரம் ரசித்து, செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். உள்ளே வந்து ரிப்பனை வெட்டினார். முடிச்சு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான் மெஷினை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தேன். முந்திரிப் பருப்பும் பாதாம் பாலும் சுற்றி வந்தன. திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது, போய்க்கொண்டே இருந்தது, பிறகு கிடுகிடுவென்று ஏறியது.

டீனுக்குத் தாங்கவில்லை. என் தோளுக்கு மேல் கையை நீட்டி, "அதோ சார், அதோ! அதான் அந்த மாத்திரையில இருக்கிற இம்ப்யூரிட்டி!" என்றார்.

"இதுல மாத்திரையே இல்ல சார்" என்றேன். "வெறும் திரவம். பாச்சை உருண்டைக்குப் பக்கத்துல வெச்சிருந்த திரவம்." அலமாரியைத் திறந்தும் காட்டினேன். காலையில் எடுத்த படங்களை மேஜை மேல் பரப்பினேன். பாயின் மாத்திரை சுத்தமாக இருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

அறையில் முந்திரி மெல்லும் சத்தம் மட்டும். இதோடு இவர் கதை முடிந்தது என்று நினைத்தேன். எனக்குத்தான் இன்னும் புத்தி வரவில்லை. டீன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதாவது சார், நம்ம மெஷின் எவ்வளவு சென்சிட்டிவ்னு மேடம் ஒரு டெமான்ஸ்ட்ரேஷன் பண்ணிக் காட்டறாங்க. காத்துல இருக்கிற வாசனையைக் கூடப் பிடிச்சுடும்."

தலைவர் முகம் மலர்ந்தது. பிரமாதம் என்று சொல்லி எதையோ குறித்துக்கொண்டார். ஒருங்கிணைப்பாளர் கைதட்ட ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த வருஷம் எங்களுக்கு நல்ல தரம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பட்டுப் புடவையோடேயே பல்லாவரத்தில் பாயின் வீட்டுக்குப் போனேன். படங்களைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பாய் உள்ளே போய், ஒளித்து வைத்த அட்டைகளை எடுத்து வந்தார். அவர் அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தப்பா சொன்னாரே அந்தப் பெரிய மனுசரு, அவருக்கு பிரஷர் இருக்கா டீச்சரம்மா?"

"இருக்கும்மா. இதே மருந்துதான், வேற கம்பெனி. மேஜை மேலயே வெச்சிருப்பார்."

பாய் கொண்டுவந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "இத அவருகிட்ட குடு. போடச் சொல்லு. அவரு ஒண்ணு போட்டார்னா என் மனசு ஆறிடும். வேற ஒண்ணும் வேணாம்."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தப்பு என்று சொல்ல ஒரு போன் போதுமாக இருந்தது. தப்பில்லை என்று சொல்ல டீன் கையெழுத்தும் சீலும் வேண்டும் என்றார்கள். அந்தக் கையெழுத்துக்கு அவர் என்னை வாரக்கணக்கில் இழுத்தடித்தார். ஒரு நாள் வெளியூர், ஒரு நாள் மீட்டிங், ஒரு நாள் சீல் வைக்கிறவர் லீவு. தரம் வந்து, அதற்கும் கேசரி கொடுத்து முடித்த பிறகுதான் மனசு இளகினார். அதற்குள் ஆஸ்பத்திரி வேறொரு கம்பெனிக்கு ஆர்டரைக் கொடுத்துவிட்டது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பாய் இப்போது வேன் வைத்துச் சின்னச் சின்ன மருந்துக்கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். ஷெட்டில் பாதி விளக்குதான் எரிகிறது.

டீன் கையெழுத்துப் போட்ட அன்று நான் எதிரே நின்றிருந்தேன். மாத்திரையில் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அழகாகச் சுழித்து, தேதி போட்டு, சீல் குத்தினார். பையிலிருந்து அட்டையை எடுத்து அவர் மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது பாயோட அம்மா உங்களுக்குக் குடுத்து விட்டது சார். நீங்க போடற அதே மருந்துதான். ஒண்ணு போட்டுக்கணுமாம்."

அவர் அட்டையை எடுத்தார். திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பின்பக்கத்தைப் படித்தார். கடிதத்தில் சீல் மை இன்னும் காயவில்லை.

"மேடம்," என்றார், குரலைத் தாழ்த்தி. "இது... சேஃப்தானே?"

அவரிடமிருந்து அட்டையை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து நான் போடுவது பாயின் மாத்திரைதான். அவர் அம்மா போன் செய்து கேட்டபோது, போட்டுக்கொண்டார் என்று சொன்னேன்.